இரவு மாத்திரையும் படர்தாமரை மாத்திரையும்

நாஞ்சில் நாட்டில் மருந்து வாங்குகிறவர் கடையை விட்டு இறங்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "இதுக்கு என்ன பத்தியமாக்கும்?" கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் கஷாயம் வாங்குபவரும் கேட்பார், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குபவரும் கேட்பார். வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணில் இந்தக் கேள்வி இயல்பானது. மருந்து உள்ளே போனால் சாப்பாட்டில் எதையாவது விலக்க வேண்டும் என்பது இங்கே ஊறிப்போன அறிவு.

கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு மட்டும் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பதில்லை. கூட்டம் மொய்க்கும் புறநோயாளிப் பிரிவில் "எண்ணெயைக் குறைங்க, ராத்திரி ஒண்ணு போடுங்க" என்பதற்கு மேல் பேச மருத்துவருக்கு நேரம் இருக்காது. விட்டுப்போன இடத்தைப் பக்கத்து வீடும் வாட்ஸ்அப்பும் நிரப்புகின்றன. ஒருவர் தேங்காயை நிறுத்துகிறார். இன்னொருவர் சாளை மீனை நிறுத்துகிறார். மூன்றாமவர், கால் உளைகிறது என்று மாத்திரையையே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறார். மூவரில் உண்மையான ஆபத்தில் இருப்பவர் இந்த மூன்றாமவர்.

இந்த மாத்திரைக்கு ஒரு பத்தியம் நிச்சயமாக உண்டு. அதில் உணவின் பங்கு சிறியது. கூடச் சேரும் மற்ற மருந்துகளின் பங்குதான் பெரியது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை, பெரும்பாலும் யாரும் சொல்வதுமில்லை.

ஸ்டாட்டின் என்னும் இந்த மருந்துக் குடும்பம் பூஞ்சையில் பிறந்தது. ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த அகிரா எண்டோ, ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை இந்த மருந்து முடக்குகிறது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குகிறது. இறங்கினால் உயிர் தப்புமா என்ற கேள்விக்கு 1994இல் விடை வந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சிம்வாஸ்டாட்டின் ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது.

இந்தப் பகுதிக்கு இந்த மருந்து எவ்வளவு தேவை என்பதை எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு எண் சொல்கிறது. நாடு முழுக்க நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பவர்கள் இந்திய அளவில் 24 சதவீதம், கேரளத்தில் 50.3 சதவீதம். நாட்டிலேயே அதிகம் அங்கேதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் அடுப்படி, இன்றும் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்து அடுப்படிதான். தீயலும் எரிசேரியும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எல்லைக்கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை.

உணவில் முதலில் பேச வேண்டியது, இங்கே விளையாத ஒரு பழத்தைப் பற்றி. இணையத்தில் இந்த மாத்திரையின் பெயரைத் தேடினால் முதலில் வரும் எச்சரிக்கை கிரேப்ஃப்ரூட் பற்றியது. இதன் கதை தற்செயலாகத் தொடங்கியது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ரத்த அழுத்த மருந்து ஒன்றோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது. காரணம் மது அல்ல, பழச்சாறு என்று தெரிந்தபோது மருந்தியல் உலகமே திரும்பிப் பார்த்தது.

குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்ற நொதி இருக்கிறது. விழுங்கிய மருந்தில் ஒரு பகுதியை ரத்தத்தில் சேருமுன்பே அது உடைத்துவிடும். நகைக்கடையில் சேதாரம் சேர்த்து விலை போடுவதுபோல, இந்த இழப்பையும் சேர்த்துத்தான் மாத்திரையின் மில்லிகிராம் கணக்குப் போடப்படுகிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்னும் பொருள்கள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. சேதாரம் குறைந்து, கணக்குக்கு மேல் மருந்து உள்ளே போகிறது. 1998இல் ஃபின்லாந்தில் நடந்த சோதனையில், கெட்டியான கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தினமும் மூன்று வேளை குடித்தவர்களின் ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் 16 மடங்கு கூடியது. முடங்கிய நொதிக்குப் பதில் குடல் புதிதாக நொதி சுரந்தால்தான் நிலைமை சீராகும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே காலையில் பழம், இரவில் மாத்திரை என்று நேரம் பிரிப்பதால் பயனில்லை.

இந்தியாவில் இன்று பெரும்பாலும் எழுதித் தரப்படுபவை அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும். அடோர்வாஸ்டாட்டினுக்கு அமெரிக்க மருந்துக் குறிப்பு எச்சரிப்பது, நாளொன்றுக்கு 1.2 லிட்டருக்கு மேல் கிரேப்ஃப்ரூட் சாறு குடிப்பவர்களை. ரோசுவாஸ்டாட்டின் அந்த நொதியைப் பெரிதாக நம்பியிருக்கவே இல்லை. கிரேப்ஃப்ரூட்டுக்கு நெருங்கிய உறவான பம்ப்ளிமாஸில் அதே பொருள்கள் உண்டு. கொல்லையில் பம்ப்ளிமாஸ் மரம் நிற்கும் வீட்டில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர் இருந்தால் பழத்தை விட்டுவிடுவதே நல்லது. அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர் எப்போதாவது நாலு சுளை தின்பதற்குப் பதற வேண்டாம். சாதாரணமாகச் சாப்பிடும் அளவு எலுமிச்சையும் சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் பிரச்சினை செய்வதில்லை.

பழக்கதையை இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணம், அதே நொதியை இந்த மாவட்டத்தில் முடக்கிக்கொண்டிருப்பது பழம் அல்ல என்பதுதான்.

கடற்காற்றும் வியர்வையும் ஈரத்துணியும் சேர்ந்த ஊரில் படர்தாமரை புதிதல்ல. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் படர்தாமரையின் குணமே மாறிவிட்டது. எளிதில் போகாத, திரும்பத் திரும்ப வரும் இந்த வகைக்குக் காரணமான பூஞ்சைக்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே' என்று இந்தியாவின் பெயரிலேயே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். களிம்புக்கு அடங்காததால் இட்ராகோனசோல் என்ற மாத்திரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தரப்படுகிறது. சிஒய்பி3ஏ4 நொதியை மிகக் கடுமையாக முடக்கும் மருந்துகளில் இட்ராகோனசோலும் ஒன்று. சிம்வாஸ்டாட்டினோடு அது சேரவே கூடாது. அடோர்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் அதன் அளவை ரத்தத்தில் மூன்று மடங்குக்குக் குறையாமல் ஏற்றிவிடும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து தேவைப்பட்டால் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மருந்துக் குறிப்பு வரம்பு கட்டுகிறது. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது 40 அல்லது 80.

இப்போது ஒரு சாதாரண நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இதயத்துக்குத் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். தலைமுறைகளாகப் பழகிய வழி. தோலுக்கு உள்ளூர் மருத்துவர். சளி, தொண்டைக் கட்டுக்கு முக்கு மெடிக்கல் ஷாப். மூன்று இடத்துச் சீட்டுகளும் ஒருவர் கையில் ஒன்றாகச் சேர்வதில்லை. இதய மருத்துவருக்குப் படர்தாமரை தெரியாது, தோல் மருத்துவருக்கு ஸ்டென்ட் தெரியாது, கடைக்காரருக்கு இரண்டும் தெரியாது. தோல் மருத்துவருக்குத் தெரிந்தால் போதும், இதய மருத்துவரோடு பேசிக் கொழுப்பு மாத்திரையை மாற்றச் சொல்வார்.

தொண்டைப் புண்ணுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் இதே வேலையைச் செய்யும். அவற்றின் உறவான அஸித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. இதயத் துடிப்புக்குத் தரும் டில்டியாசெம், வெரபாமில், அமியோடரோன், மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்தால் தரும் கோல்ச்சிசின், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றோடு ஸ்டாட்டின் சேரும்போதும் மருத்துவர் அளவைப் பார்த்துத்தான் தர வேண்டும். இவற்றையெல்லாம் நோயாளி மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். புதிதாக எந்த மாத்திரை வாங்கினாலும் "நான் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இந்த அலட்சியம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு செரிவாஸ்டாட்டின் சான்று. பேயர் நிறுவனம் விற்ற இந்த ஸ்டாட்டின், ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்ந்தபோது தசைகள் கரைந்து, சிறுநீரகம் அடைபட்டுச் சாவுகள் நிகழ்ந்தன. 50க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவான பிறகு, 2001 ஆகஸ்டில் மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

சமையலறைக்கு வருவோம். ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய் புவிசார் குறியீடு பெற்ற மாவட்டத்தில் தேங்காயைத் தாண்டிப் பேச முடியாது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் 'சர்குலேஷன்' இதழில் வந்த கட்டுரை, தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்றது. மறுபக்கம், கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு, தேங்காய் எண்ணெயில் சமைத்தவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெயில் சமைத்தவர்களுக்கும் கொழுப்பு அளவில் வேறுபாடு இல்லை என்றது. இந்த இரண்டாவது ஆய்வு வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகிறது. அதில் பங்கேற்றவர்கள் இதய நோய்க்கான வழக்கமான மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ற தகவல் மட்டும் சுற்றுவதில்லை. மாத்திரை காத்ததை எண்ணெய் காத்ததாகச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

தேங்காய் மாத்திரையோடு சண்டையிடுவதில்லை. மாத்திரை இறக்குவதில் கொஞ்சத்தை அது ஏற்றுகிறது. ஆகவே இதை முழு விலக்காகப் பார்க்காமல் அளவாகப் பார்க்க வேண்டும். அவியலுக்கு அரைத்த தேங்காயை முற்றாக விட்டுவிட்டு, மாலையில் ஏத்தங்காய் உப்பேரியும் ரசவடையும் தின்பது தலைகீழ்ப் பத்தியம். பொரிப்பதைக் குறைத்தால் அரைப்பில் பாதித் தேங்காய்க்கு இடம் கிடைக்கும். சாளையையும் அயிலையையும் நிறுத்தியவர்கள் மறுபடி சாப்பிடலாம். அந்த மீன்களின் கொழுப்பு இதயத்துக்கு நல்லது. குழம்பு வையுங்கள், முக்கிப் பொரிக்காதீர்கள். மரச்சீனிக் கிழங்கில் கொலஸ்ட்ரால் கிடையாது. அதன் மாவுச்சத்து பற்றிச் சர்க்கரைக்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

ராத்திரி மீன்கறி புளிப்பும் காரமுமாக இறங்கியதும் நெஞ்செரிச்சல் வரும். ஜெலுசில் போன்ற வெள்ளையோ ரோஸ் நிறமோ உள்ள சிரப்பை ஒரு மூடி குடித்துவிட்டு, கையோடு கொழுப்பு மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுப்பது பலர் வழக்கம். அலுமினியம், மக்னீசியம் சேர்ந்த அந்தச் சிரப் கூடவே போனால் ரோசுவாஸ்டாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சிரப் குடிக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் கரைத்துக் குடிப்பவர்களும் நேரத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. இசப்கோலை விட வேண்டாம். அதுவே எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். இரவில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் எல்லா ஸ்டாட்டினுக்கும் இல்லை. சிம்வாஸ்டாட்டின் உடலில் நெடுநேரம் தங்காது, அதை இரவில் போட வேண்டும். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நாள் முழுக்க நிற்பவை. இரவில் மறந்துபோகிறவர் மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தினம் குடிப்பவரின் கல்லீரலில் இந்த மாத்திரையை வைத்துப் பார்ப்பது மருத்துவருக்கே சங்கடம்.

'இயற்கை' மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பைக் கரைக்கும் என்று பெயர்பெற்ற குக்குலுவை அமெரிக்காவில் 103 பேரிடம் சோதித்து, 2003இல் 'ஜாமா' இதழில் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் குக்குலு சாப்பிட்டவர்களின் எல்டிஎல் குறையவில்லை. 4, 5 சதவீதம் கூடியது. சீனாவின் சிவப்பு ஈஸ்ட் அரிசி உண்மையாகவே கொழுப்பை இறக்கும். காரணம், அதைப் புளிக்க வைக்கும் பூஞ்சையில் இருப்பது லோவாஸ்டாட்டின் என்ற அதே ஸ்டாட்டின்தான். 'மாத்திரை வேண்டாம்' என்று அதை வாங்குபவர், எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல் மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார். 2024 மார்ச்சில் ஜப்பானில் கோபயாஷி நிறுவனம் கொழுப்பு குறைப்பதற்காக விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. கஷாயம் குடிப்பவர் அதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படுகிறார், சொன்னால் திட்டு விழும் என்ற பயம். திட்டுகிற மருத்துவர் தன் நோயாளியைப் பற்றிப் பாதித் தகவலோடுதான் சீட்டு எழுதுகிறார்.

இனி, மாத்திரையை நிறுத்த வைக்கும் அந்த உளைச்சல். கட்டுமரம் தள்ளுகிறவருக்கும், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும், வயலில் குனிந்து நிமிர்கிறவருக்கும் கை கால் கடுப்பு வாழ்க்கையின் பகுதி. மாத்திரை தொடங்கியபின் வரும் கடுப்பு மாத்திரைமேல் எழுதப்பட்டுவிடுகிறது. 2022இல் 'லான்செட்' இதழில் வந்த பெரும் தொகுப்பாய்வு, 1,20,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைப் பார்த்தது. ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் தசைத் தொல்லை சொன்னார்கள். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம். கூடுதலாக வந்த வலியில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே வந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு இன்னும் நுட்பமானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரிடம் பன்னிரண்டு குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு குப்பி. மாத்திரைகளில் எது ஸ்டாட்டின், எது போலி என்பது அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதத்தில் பட்ட தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதத்திலும் இருந்தது. காலிக் குப்பி மாதத்தில் பாதியாகக் குறைந்தது. முடிவைக் காட்டியபின் அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள்.

இந்த ஆய்வைக் காட்டி "எல்லாம் உங்க மனசுதான்" என்று நோயாளியை அனுப்பிவிடுவது கொடுமை. போலி மாத்திரை மாதத்தில் வந்த வலியும் வலிதான். அச்சம் தசையில் இறங்கும். தவிர, உண்மையாகவே மருந்தால் தசை பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு. இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் சமமாக வலி, மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தொடங்குவது, தரையிலிருந்து எழச் சிரமம் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். அப்போது சிகே என்ற ரத்தச் சோதனை செய்ய வேண்டும். கூடவே தைராய்டும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் கொழுப்பும் ஏறும், தசைவலியும் வரும். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவது. ஆனாலும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

அளவும் பேசப்பட வேண்டிய ஒன்று. சிங்கப்பூரில் நடந்து 2005இல் வந்த ஆய்வில், அதே அளவு ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்ட வெள்ளையர்களைவிட இந்திய வம்சாவளியினரின் ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தது. ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கும்படி அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது. வலி என்று வருகிறவருக்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாம், எசிடிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்தைச் சேர்க்கலாம். ஆனால் அவர் மருத்துவரிடம் வந்தால்தானே!

சர்க்கரை வரும் என்ற பேச்சில் உண்மை உண்டு. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் தென்படும் என்று 2010இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்கு. சர்க்கரை மலிந்த மாவட்டத்தில் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ள இது காரணம். மாரடைப்பிலிருந்து காக்கும் மருந்தை விடுவதற்குக் காரணம் அல்ல. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஸ்டாட்டினைப் பற்றி மோசமான செய்திகள் வந்த காலங்களில் அதிகம் பேர் மாத்திரையை விட்டதையும், சீக்கிரமே விட்டவர்களுக்கு மாரடைப்பு 26 சதவீதம் கூடுதலாக இருந்ததையும் காட்டியது. செய்தி எழுதுகிறவர்களும் இந்தப் பொறுப்பில் பங்காளிகள்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம். அந்த எழுத்தறிவுக்கு மாத்திரை அட்டையில் வேலையில்லை. அதில் இருப்பது பொடி எழுத்தில் ஆங்கிலம். 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துப் பெயர்களின் அட்டையில் ஒன்றிய அரசு க்யூஆர் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் கிடைக்கும். எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பது விதி கேட்கும் தகவல்களில் இல்லை. அந்த ஒரு வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் சேர்க்கச் சொல்வது பேராசை ஆகாது.

மாநில அரசு தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் களப்பணியாளர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுப் படியேறுகிறார்கள். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதலில் தரும் மூன்று மருந்துகளில் அடோர்வாஸ்டாட்டினும் ஒன்று. வீட்டுக்கு வரும் களப்பணியாளர் "வேற என்ன மாத்திரை, கஷாயம் சாப்பிடுறீங்க?" என்று கேட்டு ஒரே அட்டையில் எழுதிவைத்தால், திருவனந்தபுரத்துச் சீட்டும் நாகர்கோவில் சீட்டும் முதல் முறையாக ஒரே தாளில் சந்திக்கும்.

மருந்துக் கடைக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இந்திய மருந்தாளுநர் குழுமத்தின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில், மருந்தைக் கொடுக்கும்போது அதன் முக்கியப் பக்கவிளைவுகளையும் மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது. வடசேரியிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் பத்தியம் கேட்கிறவர்கள், பதிவுபெற்ற மருந்தாளுநரை முன்னால் வரச்சொல்லி, தங்கள் எல்லாச் சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பி இந்த விளக்கத்தைக் கேட்டு வாங்கலாம்.